ஆங்கிலக் கூட்டுச்சொல்லை எங்கே வெட்டுவது?

போன வாரம் அக்கா பையன் வீட்டுப்பாட நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான்காம் வகுப்பு. 20 ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றையும் சிலபிள் சிலபிளாகப் பிரித்து எழுத வேண்டும். பதினொன்றாவது சொல், ரோட்டில் கிடக்கும் குழியைக் குறிக்கும் பாட்ஹோல். அதை அவன் "போ-தோல்" என்று படித்துவிட்டு, "மாமா, இது எந்த மிருகத்தோட தோல்?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். ஆனால் அவன் மேல் தப்பே இல்லை. டி எழுத்தும் ஹெச் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது ஒரே ஒலி, பிரிக்கவே கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மதர், பிரதர், பாத் என்று எங்கே பார்த்தாலும் அது சரியாகத்தான் வரும். பாட்ஹோலில் மட்டும் கவிழ்கிறது, ஏனென்றால் அங்கே டி இந்த வீட்டுக்காரர், ஹெச் பக்கத்து வீட்டுக்காரர், நடுவில் ஒரு சுவர் நிற்கிறது.

கூட்டுச்சொற்களைப் பொறுத்தவரை முக்கால்வாசி வேலை அந்தச் சுவரைக் கண்டுபிடிப்பதுதான். அதைச் செய்யாமல் நேரே சிலபிள் எண்ணப் போகிறவர்கள் எல்லாரும் போ-தோலில்தான் போய் விழுகிறார்கள், பெரியவர்களும் சேர்த்துத்தான். அதனால் என் முறை இது: முதலில் பொருளை வெட்டுங்கள், அப்புறம் ஓசையை எண்ணுங்கள். கீழே பொருள் வெட்டுக்குக் கூட்டல் குறியும் ஓசை வெட்டுக்குச் சிறுகோடும் போட்டிருக்கிறேன். நியூஸ் + பேப்பர் என்பது பொருள், நியூஸ்-பே-பர் என்பது ஓசை.

தொடங்கும் முன்: இரண்டு கத்தி, இரண்டு வேலை

சிலபிள் என்பதைத் தமிழில் அசை என்கிறோம், ஆனால் யாப்பிலக்கணத்தின் அசையை இங்கே கொண்டுவந்தால் கணக்கு உதைக்கும். "மலர்" யாப்பில் ஒரே அசை, நிரையசை. ஆங்கிலக் கணக்கில் ம-லர், 2 சிலபிள். ஆங்கிலத்துக்கு நேர், நிரை எல்லாம் கிடையாது. ஓர் உயிரொலி இருந்தால் ஒரு சிலபிள், அவ்வளவுதான். உயிரெழுத்து அல்ல, உயிரொலி. இந்த வேறுபாட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்னொரு கத்தி பொருளுக்கானது. இனி உடைத்தால் பொருள் போய்விடும் என்கிற அளவுக்குச் சிறிய துண்டை மொழியியலில் உருபன் என்பார்கள். இரண்டும் ஒரே இடத்தில் வெட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பனானா 3 சிலபிள், ஆனால் பொருளில் ஒரே துண்டு. அதை எங்கே உடைத்தாலும் வாழைப்பழம் மிஞ்சாது. கேட்ஸ் ஒரே சிலபிள், ஆனால் கேட் + ஸ் என்று பொருளில் 2 துண்டு, பூனையும் பன்மையும். வாட்டர்மெலன் ஓசையில் 4, பொருளில் 2. "எத்தனை பாகம்?" என்று யாராவது கேட்டால் எந்தப் பாகம் என்று திருப்பிக் கேளுங்கள். பல பயிற்சிப் புத்தகங்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுக் குழப்பியடிக்கின்றன.

படி 1: சுவர் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்

சொல்லை இரண்டாக உடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தனியே நிற்கும் சொற்களா? அது மட்டும் போதாது, அந்த இரண்டின் பொருளுக்கும் முழுச் சொல்லின் பொருளுக்கும் ஏதாவது உறவு தெரிகிறதா? இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் கார்பெட்டை கார் + பெட் என்று உடைத்து, வண்டிக்கும் வளர்ப்பு நாய்க்கும் நடுவே தரைவிரிப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். டுகெதரில் எழுத்துப்படி பார்த்தால் டு, கெட், ஹெர் என்று மூன்று ஆங்கிலச் சொற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுக்கும் சம்பந்தமில்லை.

சில சொற்கள் வேண்டுமென்றே வேஷம் போட்டுக்கொண்டு வந்தவை மாதிரி இருக்கும். காக்ரோச்சில் காக் என்றால் சேவல், ரோச் என்பது ஒரு நன்னீர் மீன். கரப்பான்பூச்சிக்குள் சேவலும் மீனும் எப்படி வந்தன? அது ஸ்பானிய மொழியின் குகராச்சா. கேட்ட ஆங்கிலேயர்களுக்கு அந்த ஓசை பிடிபடவில்லை, தெரிந்த இரண்டு சொற்களைப் போட்டு ஒட்டிவிட்டார்கள். மஷ்ரூமும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான், அதில் ரூம் எதுவும் இல்லை. ஹாம்பர்கரில் பன்றி இறைச்சியான ஹாம் கிடையாது, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம்தான் இருக்கிறது. ஹாம்பர்க் + அர் என்பதுதான் சரியான வெட்டு. ஆனால் மக்கள் தப்பான இடத்தில் வெட்டி, கிடைத்த பர்கரைத் தனிச்சொல்லாக்கி, சீஸ்பர்கர், சிக்கன்பர்கர் என்று குடும்பமே உண்டாக்கிவிட்டார்கள். தப்பாக வெட்டினாலும் ஊரே வெட்டினால் அதுதான் சரி, மொழியில் இது சகஜம்.

நம் சரக்கு ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. கேடமரன். ஆங்கில அகராதியில் அது கே-ட-ம-ரன், 4 சிலபிள், பொருளில் உடைக்க முடியாத ஒற்றைத் துண்டு. ஆங்கிலேயர் ஒருவரிடம் கேட்டால் இது கூட்டுச்சொல்லே இல்லை என்பார். நமக்கோ கட்டு + மரம் என்று பளிச்சென்று தெரிகிறது. மல்லிகடானி சூப்பும் அப்படித்தான்: அவர்களுக்கு 5 சிலபிளில் ஒரு புரியாத பெயர், நமக்கு மிளகுத் தண்ணீர். ஆக, ஒரு சொல்லில் சுவர் இருக்கிறதா என்பது அந்தச் சொல் எந்த மொழிக்காரர் வாயில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

படி 2: எது தலை என்று பாருங்கள்

சுவர் கிடைத்துவிட்டது. இப்போது எந்தப் பக்கம் முதலாளி? ஆங்கிலத்தில் அநேகமாக வலது பக்கம்தான். ஹவுஸ்போட் என்றால் படகு, போட்ஹவுஸ் என்றால் படகு நிறுத்தும் கட்டடம். நமக்கு இது புதிதில்லை, மாட்டுப்பால் என்றால் பால், பால்மாடு என்றால் மாடு. தமிழ் தெரிந்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள், பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி தலையைத் திருப்பி வைத்துப் பழக வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய உதவி, பள்ளியில் படித்த ஆறு தொகைகள். தேர்வு முடிந்ததும் மறந்துபோன அந்தப் பாடம் இங்கே வந்து கைகொடுக்கும் என்று நானும் நினைக்கவில்லை. இரண்டு சொல் ஒட்டி நிற்கும்போது நடுவில் ஏதோ ஒன்று மறைந்திருக்கிறது, அதை வெளியே எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதானே தொகையை விரிப்பது? ஆங்கிலக் கூட்டுச்சொல்லுக்கும் அதையே செய்யுங்கள்.

டூத்பிரஷ் என்றால் பல்லுக்கு பிரஷ், நான்காம் வேற்றுமை மறைந்திருக்கிறது. விண்ட்மில் காற்றால் சுற்றும் ஆலை, மூன்றாம் வேற்றுமை உருபும் மறைந்திருக்கிறது, சுற்றும் என்ற பயனும் மறைந்திருக்கிறது. டீபாட் நம் பாற்குடம் மாதிரியேதான். ஆலிவ் ஆயில் ஆலிவைப் பிழிந்து எடுத்த எண்ணெய், பேபி ஆயில் அப்படியா? ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரண்டு சொற்களில் உள்ளே இருக்கும் உறவு தலைகீழ். ஸ்னோமேன் பனியால் செய்தவன், மில்க்மேன் பாலைக் கொண்டுவருபவன், ஃபயர்மேன் தீயை அணைப்பவன். மூன்றிலும் வெளியே தெரிவது ஒரே மேன். உறவை ஆங்கிலம் சொல்லாது, நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

பிளாக்போர்டு, கிரீன்ஹவுஸ் எல்லாம் பண்புத்தொகை. பிளேகிரவுண்டை எடுத்துக்கொண்டால் விளையாடிய, விளையாடுகிற, விளையாடும் திடல், மூன்று காலமும் பொருந்துகிறது, பிளே என்பது காலம் காட்டாமல் வெறும் வினையடியாக நிற்கிறது. ஊறுகாயும் கட்டுமரமும் எப்படியோ அப்படி. இதை வினைத்தொகை என்று சொன்னால் இலக்கணப் பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம், ஆனால் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிட்டர்ஸ்வீட் கசப்பும் இனிப்பும், உம்மைத்தொகை; ஃபோர்டீனும் நான்கும் பத்தும்தான், நம் பதினான்கு மாதிரியே. ஸ்னோ-வைட் பனி போன்ற வெள்ளை, உவமைத்தொகை.

மிச்சம் இருப்பது அன்மொழித்தொகை, எனக்குப் பிடித்தது அதுதான். பிக்பாக்கெட் என்று நாமும் சரளமாகச் சொல்கிறோம். வலது பக்கம்தான் தலை என்றால் அது ஒரு வகை பாக்கெட்டாக இருக்க வேண்டும், இல்லையா? ஆனால் அது ஆள். பாக்கெட்டும் அவனில்லை, பிடுங்குதல் என்ற செயலும் அவனில்லை, பாக்கெட்டில் கைவிடுகிற மூன்றாவது ஒருத்தன் சொல்லுக்கு வெளியே நிற்கிறான். பொற்றொடி வந்தாள் என்றால் வளையலா வந்தது? வயலில் நிற்கும் ஸ்கேர்குரோவும் ஒரு வகைக் காக்கை அல்ல, காக்கையை மிரட்டுகிற பொம்மை. பேப்பர்பேக் ஒரு வகை முதுகு அல்ல, காகித அட்டை போட்ட புத்தகம். வலது பக்கத்தில் தலையைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால், ஆள் வெளியே நிற்கிறான் என்று அர்த்தம்.

படி 3: ஒவ்வொரு அறையிலும் தனித்தனியாக எண்ணுங்கள்

இப்போதுதான் சிலபிள். சுவருக்கு இந்தப் பக்கம் எத்தனை உயிரொலி, அந்தப் பக்கம் எத்தனை என்று தனித்தனியே எண்ணிக் கூட்டுங்கள். சந்தேகம் இருந்தால் தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லுங்கள். எத்தனை தடவை தாடை கையில் இடிக்கிறதோ அத்தனை சிலபிள். பஸ்ஸில் உட்கார்ந்து செய்தால் கொஞ்சம் மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

தமிழில் எழுதியதை எல்லாம் படிக்கிறோம், அந்தப் பழக்கத்தில் நாம் அதிகம் சறுக்குவது சொல்லின் கடைசியில் வரும் ஊமை இ எழுத்தில்தான். ஹோம் என்ற சொல்லின் கடைசி இ பேசாது என்று எல்லாருக்கும் தெரியும், அது சொல்லின் ஓரத்தில் இருப்பதால் கண்ணில் படுகிறது. அதையே ஹோம்வொர்க் என்று எழுதினால் அந்த இ நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது. சுவரைப் பார்க்காத பையன் "ஹோ-மெ-வொர்க்" என்கிறான். சம்டைம்ஸ் என்பதில் இரண்டு ஊமை இ, எழுத்தில் 4 உயிர், ஓசையில் 2 சிலபிள்தான். பேஸ்பால், ஃபயர்பிளேஸ், லைஃப்போட் எல்லாம் இதே வகை. சுவரை முதலில் கண்டுபிடித்துவிட்டால் அந்த இ மறுபடியும் ஓரத்துக்கு வந்துவிடும், வந்ததும் வாயை மூடிக்கொள்ளும்.

ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பிரிப்பது எல்லா ஆங்கிலப் புத்தகத்திலும் இருக்கிற சங்கதிதான்: நடுவில் இரண்டு மெய் வந்தால் நடுவே வெட்டு, ரேப்-பிட், பாஸ்-கெட், ஒரு மெய் வந்தால் முன்னால் இருக்கும் உயிர் நீண்டு ஒலிக்கிறதா என்று பார்த்து டை-கர் என்றோ கேபின் மாதிரி கேப்-இன் என்றோ வெட்டு, எல்லும் இ-யும் சேர்ந்து முடிந்தால் முன்னால் இருக்கும் மெய்யையும் சேர்த்துக்கொண்டு டே-பிள். இதற்கு மேல் இதில் நின்றால் தலைவலிதான் வரும். ஃபயர் ஒரு சிலபிளா இரண்டா என்று ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது, அதனால் ஃபயர்மேன் 2 என்றாலும் 3 என்றாலும் ஒருவரையும் அடிக்க முடியாது. விடை ஒன்றுதான் என்று சொல்லும் கையேட்டை அந்த இடத்தில் நம்ப வேண்டாம்.

படி 4: சுவர் ஓரத்தில் நிற்கும் எழுத்துகள்

இதுதான் போ-தோல் விவகாரம். எஸ்-ஹெச், டி-ஹெச், பி-ஹெச் போன்ற இரட்டைகள் ஒரே வீட்டுக்குள் இருந்தால் ஒரே ஒலி, சுவரின் இரண்டு பக்கமும் நின்றால் இரண்டு ஒலி. லூப்ஹோலில் பி இடது, ஹெச் வலது, அதை "லூஃபோல்" என்று படிக்கக் கூடாது. மிஸ்ஹேப்பில் ஷ ஒலி இல்லை. ஷெப்பர்டு என்பது ஷீப் + ஹெர்ட், ஆடு மேய்ப்பவர். அதில் பி-ஹெச் இருந்தும் ஃப வராததற்குக் காரணம் அதுதான், ஹெச் மட்டும் நாளடைவில் தேய்ந்து வாயில் காணாமல் போயிற்று.

அடுத்தது, ஒரே எழுத்து சுவரின் இரண்டு பக்கமும் வருவது. ரூம்மேட்டில் 2 எம், இயரிங்கில் 2 ஆர், கிராண்ட்டாட்டரில் 2 டி. ஸ்பெல்லிங்கில் ஒன்றை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம், பொருளை வெட்டிப் பார்த்தால் விடவே மாட்டார்கள். புக்கீப்பர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், ஓ இரண்டு, கே இரண்டு, இ இரண்டு என்று மூன்று ஜோடி வரிசையாக நிற்கும். புக் + கீப் + அர் என்று தெரிந்தவருக்கு அதில் குழப்பமே கிடையாது. வித்ஹோல்டில் 2 ஹெச். ஆனால் வாசற்படியான த்ரெஷோல்டில் ஒன்றுதான், ஏனென்றால் அதில் ஹோல்ட் என்ற சொல்லே இல்லை, பழைய ஆங்கிலத்திலிருந்து உருமாறி வந்த கடைசித் துண்டு அது. பொழுதுபோக்கான பாஸ்டைம் உண்மையிலேயே பாஸ் + டைம்தான், இருந்தும் ஒரு எஸ்-ஐத் தொலைத்துவிட்டது. எய்ட்டீன் ஒரு டி-யைத் தொலைத்துவிட்டது. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

தமிழில் இரண்டு சொல் சேர்ந்தால் புணர்ச்சி உடனே எழுத்தில் ஏறிவிடும். கல் + சிலை கற்சிலை, மரம் + கள் மரங்கள். ஆங்கிலத்தில் புணர்ச்சியே இல்லை என்று தோன்றும், ஆனால் இருக்கிறது, எழுத்தில் காட்டாமல் வாயில் மட்டும் நடத்துகிறார்கள். ஹேண்ட்பேக்கை வேகமாகப் பேசும் ஆங்கிலேயர் ஏறக்குறைய "ஹேம்பேக்" என்கிறார். பி வரப்போகிறது என்று தெரிந்து உதடு முன்கூட்டியே மூடி, ன் ம் ஆகிவிடுகிறது. ஹேண்ட்கர்சீஃபில் டி விழுந்து, க வருவதால் ன் ங் ஆகி, "ஹேங்கர்சிஃப்". மரம் மரங்கள் ஆனதும் இதே காரணத்தால்தான். கர்சீப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், அந்தச் சொல்லே பழைய பிரெஞ்சில் "தலையை மூடு" என்ற இரண்டு சொல் சேர்ந்தது. அப்படியானால் ஹேண்ட்கர்சீஃப் கையில் வைத்துக்கொள்ளும் தலைத்துணி. நாம் அதை பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் போட்டு இடம் பிடிக்கிறோம்.

மெய்யில் முடியும் சொல்லுக்கு அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தால் தமிழ் வாய் சும்மா இருக்காது, உடல்மேல் உயிர் ஏறிவிடும். கட் + அவுட் நம் ஊர்த் தியேட்டர் வாசலில் "கட்டவுட்" ஆகி 40 அடி உயரத்துக்கு நிற்பது அப்படித்தான். ஆங்கிலம் எழுதும்போதும் உடைக்கும்போதும் மட்டும் அந்த ஒட்டை அவிழ்த்துவிடுங்கள்: கட்-அவுட், புக்-எண்ட், இயர்-ஏக். சுவருக்கு இந்தப் பக்க மெய், எழுத்தில் அந்தப் பக்கம் தாவாது.

படி 5: இடிந்துபோன சுவர்கள்

நூற்றாண்டுக் கணக்கில் புழங்கிய கூட்டுச்சொற்களில் சுவர் தேய்ந்துபோகும். கப்போர்டு என்று நாம் எழுத்தைப் பார்த்துச் சொல்கிறோம். ஆங்கிலேயர் வாயில் அது "கபட்". கப்பின் கடைசி பி-யும் கிடையாது, போர்டும் கிடையாது. முதலில் அது உண்மையிலேயே கோப்பைகளை வைக்கும் பலகைதான், கதவு வைத்த அலமாரியானது பிறகு. பிரேக்ஃபஸ்ட்டில் பிரேக் சுருங்கி "பிரெக்" ஆகிவிட்டதால் இரவு முழுக்க இருந்த உபவாசத்தை முறிப்பது என்ற பொருள் காதில் விழுவதில்லை. ஹாலிடே ஹோலி + டே, புனித நாள். வெட்னெஸ்டே என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் சொல் ஓசையில் வென்ஸ்-டே, 2 சிலபிள். வோடன் என்ற கடவுளின் நாள்.

இன்னும் உள்ளே போனால் சுவர் இருந்த அடையாளமே இருக்காது. லார்டு பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காப்பவர் என்ற கூட்டுச்சொல், லேடி ரொட்டி மாவு பிசைபவர். டெய்ஸிப் பூ பகலின் கண், காலையில் விரிந்து மாலையில் மூடுவதால். விண்டோ, ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் காற்றின் கண். பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று பெயர், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வடக்கே பனியிலும் தெற்கே வெயிலிலும் இருந்த இரண்டு கூட்டம் ஒரே ஓட்டையைப் பார்த்துக் காற்றைத்தான் முதலில் நினைத்திருக்கிறது. இதற்கு வீட்டுப்பாடத்தில் மார்க் கிடையாது, ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

வேலைக்கு எது தேவை என்றால், இப்படிப்பட்ட சொற்களில் இன்றைய உச்சரிப்பை வைத்து மட்டுமே சிலபிள் எண்ணுங்கள். பழைய பொருள் ஸ்பெல்லிங்கை நினைவு வைத்துக்கொள்ள உதவும், அதோடு சரி.

படி 6: எங்கே அழுத்துவது

தமிழில் சொல்லின் ஒரு பாகத்தை அழுத்துவதால் பொருள் மாறாது, அதனால் நம் காது இதைக் கவனிக்கவே மறுக்கும். ஆங்கிலத்தில் கூட்டுச்சொல்லுக்குப் பெரும்பாலும் அழுத்தம் முதல் பாதியில். பிளாக்பேர்டு என்று முதல் பாதியை அழுத்தினால் அது ஒரு குறிப்பிட்ட பறவை இனம், அதில் பெண் பறவை பழுப்பு நிறம் என்பது வேறு கதை. பேர்டை அழுத்தினால் ஏதோ ஒரு கறுப்புப் பறவை, காக்கையாகக்கூட இருக்கலாம். கிரீனை அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம், ஹவுஸை அழுத்தினால் பச்சை பெயிண்ட் அடித்த வீடு. இங்கிலீஷ் டீச்சர் என்பதில் இங்கிலீஷை அழுத்தினால் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர், டீச்சரை அழுத்தினால் இங்கிலாந்துக்கார ஆசிரியர். ஒயிட் ஹவுஸ் எழுத்தில் இரண்டு சொல்லாக நின்றாலும் அழுத்தம் ஒயிட்டில், ஆகவே அது கூட்டுச்சொல்.

அழுத்தம் ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கத்தின் உயிர் சோர்ந்துபோகும். போஸ்ட்மேன் என்பதில் அந்த மேன் "மன்" என்று சுருங்கும், இங்கிலாந்தின் லாந்து "லண்ட்" ஆகும். சிலபிள் எண்ணிக்கை மாறாது, உயிர் மட்டும் மெலியும்.

படி 7: ஒட்டி எழுதுவதா, கோடு போடுவதா, விட்டு எழுதுவதா

இதற்கு ஒழுங்கான விதி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோட்புக் ஒட்டி, மதர்-இன்-லா கோட்டோடு, ஐஸ் கிரீம் விட்டு. பொதுவாக முதலில் விட்டு எழுதி, பழகப் பழகக் கோடு போட்டு, கடைசியில் ஒட்டிவிடுவார்கள்; டுடே, டுமாரோ இரண்டையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கோடு போட்டு எழுதியவர்கள் உண்டு. 2007-இல் ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆறாம் பதிப்பு ஒரே மூச்சில் சுமார் 16,000 சொற்களிலிருந்து கோட்டை எடுத்துவிட்டது. பம்பிள்பீ ஒட்டிக்கொண்டது, ஐஸ் கிரீம் பிரிந்தது. ஒரே கட்டுரைக்குள் ஒரே மாதிரி எழுதுங்கள், போதும்.

பன்மை சேர்க்கும்போது படி 2 மறுபடியும் உதவும், தலைக்குத்தான் பன்மை போடவேண்டும். மாமியார்கள் என்பதற்கு மதர்ஸ்-இன்-லா, வழிப்போக்கர்கள் என்பதற்கு பாஸர்ஸ்-பை. பிக்பாக்கெட்டில் தலை வெளியே நிற்பதால் வேறு வழியின்றிக் கடைசியில் ஸ் போட்டுவிடுகிறார்கள்.

படி 8: வரி முடிவில் உடைப்பது

கடைசி வேலை, அச்சுக்காரர்களின் வேலை. வரி முடிந்துவிட்டது, சொல் மிச்சமிருக்கிறது, எங்கே கோடு போட்டு உடைப்பது? கூட்டுச்சொல் என்றால் சுவரில்தான் உடைக்க வேண்டும். நியூஸ்- என்று நிறுத்தி அடுத்த வரியில் பேப்பர். நியூஸ்பே- என்று நிறுத்தினால் தப்பு என்று சட்டம் இல்லை, படிக்கிறவருக்கு எரிச்சல் வரும். ஆள்கொலையைக் குறிக்கும் மேன் + ஸ்லாட்டரில் அந்த எஸ் எழுத்தை ஒரே ஓர் இடம் இடது பக்கம் தள்ளி உடைத்துப் பாருங்கள், மேன்ஸ் லாஃப்டர், ஆளின் சிரிப்பு என்று ஆகிவிடும். கொலை சிரிப்பாகிவிட்டது.

நாலெட்ஜ் என்ற சொல்லை அமெரிக்காவில் ஓசையைப் பார்த்து எல் எழுத்துக்குப் பின்னால் உடைப்பார்கள், பிரிட்டனில் மரபுப்படி பொருளைப் பார்த்து நோ என்ற துண்டுக்குப் பின்னால் உடைப்பார்கள். இரண்டு கத்தியின் சண்டை இங்கே இரண்டு நாட்டின் சண்டையாகிவிட்டது. கணினிக்கு இதைக் கற்றுக்கொடுக்கும் முறையைப் பற்றி ஃபிராங்க் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஆய்வேட்டின் தலைப்பையே நடுநடுவே கோடு போட்டு உடைத்துத்தான் அச்சிட்டிருக்கிறார். அவருடைய முறையைத்தான் புத்தகங்களை அச்சுக்கோக்கும் டெக் (TeX) மென்பொருள் இன்றும் பயன்படுத்துகிறது.

ஓர் எச்சரிக்கை. மெரியம்-வெப்ஸ்டர் போன்ற அகராதிகளில் தலைச்சொல்லின், அதாவது பொருள் சொல்ல எடுத்துக்கொண்ட சொல்லின் நடுவே புள்ளி வைத்திருப்பார்கள், அதைச் சிலபிள் என்று நினைத்து அப்படியே நோட்டில் இறக்குகிறவர்கள் நிறையப் பேர். அது வரி முடிவில் எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறி. அபவுட் 2 சிலபிள்தான், ஆனால் தலைச்சொல்லில் புள்ளி இருக்காது, ஒற்றை எழுத்தை வரி ஓரத்தில் தனியே தவிக்க விடமாட்டார்கள் என்பதால். சிலபிள் வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் உச்சரிப்பைப் பாருங்கள்.

ஒரு சொல்லை முழுசாக வெட்டிப் பார்ப்போம்

பையனின் இருபதாவது சொல் கிராஸ்ஹாப்பர். எழுத்தில் 11. முதலில் "கிராஷாப்பர்" என்றுதான் படித்தான், எஸ்-ஸும் ஹெச்-சும் பக்கத்தில் இருக்கிறதே. பென்சிலைக் கொடுத்து, சுவர் எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து இரண்டாவது எஸ்-க்குப் பின்னால் ஒரு செங்குத்துக் கோடு போட்டான். கிராஸ் + ஹாப்பர். உடனே ஷ போய்விட்டது. எது தலை? ஹாப்பர், தாவுவது. எங்கே தாவுகிறது? புல்லில், ஆக ஏழாம் வேற்றுமை மறைந்திருக்கிறது; அதை அவனிடம் சொல்லவில்லை, இன்னும் அந்தப் பாடம் வரவில்லை. ஹாப்பருக்குள் இன்னொரு சின்ன வெட்டு, ஹாப் + அர். இப்போது தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மூன்று தடவை இடி வாங்கினான்: கிராஸ்-ஹாப்-பர்.

பொருளில் 3, ஓசையிலும் 3, ஆனால் கடைசி வெட்டு ஒரே இடத்தில் விழவில்லை. பொருள் கத்திக்கு அர் மட்டும்தான் தனித்துண்டு, ஓசைக் கத்தி பி எழுத்து ஒன்றைக் கூடவே இழுத்துக்கொண்டு பர் என்று வெட்டுகிறது. நோட்டில் ஓசை வெட்டை எழுதினான், மூடி வைத்தான். பைக்குள் திணிக்கும்போது, "தமிழ்ல இதுக்கு என்ன பேரு மாமா?" என்றான். வெட்டுக்கிளி என்றேன்.

வெட்டு, கிளி என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பிரித்துவிட்டு, "இதுல கிளி எங்க இருக்கு?" என்று கேட்டான்.